எங்கள் ஊரில் விழுந்த நட்சத்திரம்

ஐம்பத்தாறு வயதில் கடல் கடந்து போய், ஒரு பெரிய குழியின் விளிம்பில் நின்றுகொண்டு, எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாத ஒரு மனுஷரைத் தமிழில் திட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவர் புன்னகைத்தார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

நடந்தது அமெரிக்கப் பாலைவனத்தில். என் தம்பி வாடகைக் காரில் இரண்டு நாளாக என்னை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனான். பார்க்க ஒன்றுமே இல்லாத ஊரில் எதையோ பார்ப்பதற்காக எண்ணூறு மைல். கடைசியில் ஒரு மேடு, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி. ஏறிப் பார்த்தால் கீழே பள்ளம். எங்கள் ஊர், பக்கத்து ஊர், இரண்டுக்கும் நடுவில் உள்ள சண்டை, எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடினாலும் இடம் மீதி இருக்கும்.

அகலத் தொப்பி வைத்த வழிகாட்டி விளக்கினார். ஐம்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் வானத்திலிருந்து ஒரு கல் வந்து விழுந்ததாம். கூட்டத்தில் ஒருவர், நியாயமாக, "கல் எங்கே?" என்று கேட்டார். அதைத் தேடி ஒரு மனிதர் பல வருஷம் துளை போட்டுப் போட்டுப் பார்த்துச் சொத்தை அழித்துக்கொண்டார் என்று வழிகாட்டி சொல்லிவிட்டு, ரகசியத்தை உடைப்பவர் போல் குனிந்து, "பெரும்பகுதி ஆவியாகிவிட்டது" என்றார்.

அவ்வளவுதான். "பொய்!" என்று கத்தினேன். "பொய் சொல்லாதீங்க! இங்க எட்டு வீடு இருந்துது!"

ஜப்பான்காரர்கள் இரண்டு பேர் என்னைப் படம் எடுத்தார்கள். தம்பி என் முழங்கையைப் பிடித்து, "அக்கா, இது அமெரிக்கா" என்று தகவல் சொன்னான். கீழே இருந்த கடைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். நானும் சாப்பிட்டேன். பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பவள் பொது இடத்தில் கத்தினால் ஐஸ்கிரீம்தான் மரியாதை.

என் வயதுக்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன் கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடி எங்கே என்று நமக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும், அப்போது எந்தப் பாவாடை கட்டியிருந்தோம் என்பது வரை ஞாபகம் இருக்கும். நான் கட்டியிருந்தது மாம்பழக் கலர்.

எங்கள் ஊர் திருவாரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி. நிலா மேல் மனிதன் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதை நம்பவில்லை, மீதிப் பேர் அங்கே தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டார்கள். ஆட்சி மாறி நாலு வருஷம். என் பெரியப்பா அதுவரை பழைய கட்சிக் கரை வேட்டி கட்டியவர், அந்த வருஷம் ஆளும் கட்சிக் கரைக்கு மாறிக்கொண்டார். வேட்டிக் கரை மாறியதே தவிர வயல் வரப்பு ஒரு சாண் நகரவில்லை. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் அவர் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நிலத்தைப் பிரித்து எழுதிவைத்தார். செத்துப்போன ஒரு அத்தைக்கும் எழுதினார். பத்து வயதில் நானும் ஒரு மிராசுதார். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நிலத்தைக் காகிதத்தில் ஒளித்துவைக்கலாம். திடலை ஒளிக்க முடியாது. திடல் என்றால், வயல்களுக்கு நடுவில் ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும் மண்மேடு. வயலில் வேலை செய்கிறவர்களின் குடிசைகள் அதன் மேல்தான் இருக்கும். ஐப்பசியில் ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றாலும் திடல் நனையாது. எங்கள் பெரியப்பாவின் திடலில் எட்டு வீடு. மூன்று புளியமரம். அதில் ஒரு வீட்டில்தான் என் சிநேகிதி இருந்தாள்.

சிநேகிதி என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அந்த வார்த்தையை யாரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஊருக்குள் வந்துவிட்டால் அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நான் அவளை 'ஏய், வாடி' என்பேன். அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். 'நீ' என்றால் அடி விழும், 'நீங்க' என்றால் எனக்கே சிரிப்பு வரும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வருஷம் முழுக்க முன்னிலையே இல்லாமல் என்னிடம் பேசினாள். "பென்சில் கிடைக்குமா?" "இந்தக் கணக்குத் தப்பு." இப்படி.

எங்களுக்குச் சேர்ந்தாற்போல ஒரே ஒரு சொத்து இருந்தது. சிறுவர் பத்திரிகை ஒன்று. அட்டை கிழிந்தது, நடுப்பக்கத்தில் ஒரு படம்: நெருப்புப் பந்து ஒன்று வந்து பாலைவனத்தில் விழுகிறது. நான் படம் பார்ப்பேன். அவள் எழுத்தைப் படிப்பாள். கஷ்டமான பாராக்களை நான் தாண்டிக் குதித்துவிடுவேன்; அவள் நிறுத்தி, "இங்க என்னமோ போட்டுருக்கு. விழுந்த வேகத்துல கல்லு சூடாயி ஆவியாயிடுமாம்" என்றாள். "கல்லு எப்படிடி ஆவியாவும்?" என்றேன். "கஞ்சிப் பானையில தண்ணி ஆவலையா?" என்றாள். பத்திரிகையைவிட நன்றாக விளக்கினாள். அந்த வாக்கியம் அவளுடையது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். பிறகு அதை நான் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

தை அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் காய்ந்துகொண்டிருந்த சமயத்தில் ரேடியோவில் ஒரு செய்தி வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்று சட்டம். அப்பா பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். வீட்டில் ஏதாவது அசிங்கம் நடக்கப்போகிறது என்றால் அப்பா பேப்பரை உயர்த்துவார். என் குழந்தைப் பருவம் முழுக்க அவர் முகத்தைவிட விளம்பரப் பக்கத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பா கோபப்படவில்லை. திடலுக்குப் போய், எட்டு வீட்டையும் கூப்பிட்டு, இதமாகப் பேசினாராம். "சட்டம் வந்துடுச்சு, மனை உங்களுதுதான். ஆனா மேடு தாழ்ந்து போச்சு பாருங்க. வர்ற மழைக்கு நிக்காது. ரெண்டு வாரம் களத்துப் பக்கம் போயிருங்க. நான் மண்ணு போட்டு ஒசத்தித் தர்றேன்."

அவர்கள் நம்பினார்கள். தங்கள் வீட்டைத் தாங்களே பிரித்து, மூங்கிலையும் கீற்றையும் தலையில் சுமந்துகொண்டு போனார்கள். ஒரு ஆளை அடிக்கவில்லை, ஒரு கீற்றைக் கொளுத்தவில்லை. அந்த வருஷங்களில் சுற்றுவட்டாரத்தில் நடந்ததையெல்லாம் பார்த்தால் பெரியப்பா காந்தியவாதி. இரண்டு வாரம்தானே என்று கனமான சாமான்களை அவர்கள் அங்கேயே விட்டுவிட்டார்கள். சிநேகிதியின் அம்மா அம்மிக்கல்லைப் புளியமரத்தடியில் வைத்து, மேலே ஓலையைப் போட்டு மூடிவிட்டுப் போனாள்.

மறுநாள் டிராக்டர் வந்தது. மண் உள்ளே வரவில்லை, வெளியே போனது. புளியமரங்கள் போயின. மேடு தரையானது. தரை பள்ளமானது. பள்ளம் ஆழமானது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் தினமும் நின்று பார்ப்பேன். அந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது: டீசலும் பச்சை மண்ணும். குழியின் சுவரில் கோடு கோடாகத் தெரியும். சாம்பல், உமிக்கரி, நத்தை ஓடு, திரும்பவும் சாம்பல். இடையில் நீல வளையல் துண்டு. அந்தப் பாலைவனத்து வழிகாட்டி மண் அடுக்குகளையும் காட்டி யுகம் யுகமாகக் கணக்குச் சொன்னார்; அதெல்லாம் எங்கள் ஊரில் பத்தடிக்குள் இருந்தது. எத்தனை தலைமுறை அங்கே அடுப்பு மூட்டியிருக்கிறது என்று ஒரு குழந்தைகூட எண்ணிச் சொல்லிவிடலாம். நான் எண்ணவில்லை. எனக்கு டிராக்டர் பிடித்திருந்தது.

"மண்ணு போடுறதுக்கு முன்ன அடிமண்ணு எடுக்கணும்டி" என்று சிநேகிதியிடம் விளக்கினேன். அவள் குழியைப் பார்த்துக்கொண்டே, "இவ்வளவு ஆழத்துக்கா?" என்றாள்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், கிழக்கே நாகப்பட்டினம் பக்கமாக ஒரு நெருப்புக் கோடு இறங்கியது. ஊரே பார்த்தது. எரிநட்சத்திரம் என்றார்கள், கடலில் விழுந்தது என்றார்கள். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில் நான் சும்மா இருந்திருக்கலாம். அறிவு சும்மா இருக்க விடவில்லை.

"பெரியப்பா, அந்த மாதிரிக் கல்லு தரையில விழுந்துச்சுன்னா பெரிய பள்ளம் ஆயிடும். படம் போட்டுருக்கு."

பெரியப்பா ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

"எவ்வளவு பெருசு ஆவும்?"

"நம்ம ஊரே உள்ள போயிடும்."

"சின்னக் கல்லா இருந்தா?"

"சின்னப் பள்ளம்."

அப்பா சாப்பிடும்போது பேப்பர் கிடையாது. அதனால் இலையைப் பார்த்தார். பெரியப்பா மோரை ஊற்றிக்கொண்டு, "உன் பொண்ணு நல்லாப் படிக்கிறாடா" என்றார். அந்தப் பாராட்டுக்காக அன்று முழுக்க நான் தரையில் கால் படாமல் நடந்தேன்.

இதற்குள் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் மனு கொடுத்துவிட்டார்கள்: எட்டுக் குடும்பத்தை ஏமாற்றிக் கிளப்பி, மனையையே வெட்டி எடுத்துவிட்டார் என்று. பெரியப்பாவின் பதில் என்ன தெரியுமா? ஆட்கள் தாங்களாகவே போனார்கள். காலியாகக் கிடந்த மேட்டில் நட்சத்திரம் விழுந்து பள்ளமாகிவிட்டது. இயற்கையின் செயலுக்கு நிலத்துக்காரர் பொறுப்பல்ல. சிரிக்காதீர்கள். ஒரு அதிகாரி இதை விசாரிக்க ஜீப்பில் வந்தார். குழியைத் தோண்டிய டிராக்டர் இருபதடி தள்ளி நின்றது. அதன் சக்கரத்துப் பல்லில் அந்தக் குழியின் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதன் நிழலில்தான் அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாம்பழக் கலர் பாவாடை, தலையில் கனகாம்பரம், கையில் பத்திரிகை. குழிக்கு எதிர்க்கரையில் திடல் ஆட்கள் நின்றார்கள். சிநேகிதி அவள் அம்மா பக்கத்தில் நின்றாள்.

"எங்க தம்பி பொண்ணு. சயின்ஸ்ல கெட்டி. அன்னைக்கி கண்ணால பாத்தவ" என்றார் பெரியப்பா. "சொல்லும்மா."

சொன்னேன். கடலில் விழுந்ததாக ஊர் சொன்ன நட்சத்திரத்தை என் வாயால் திசை திருப்பித் திடலில் இறக்கினேன். யாரும் அடித்துச் சொல்லவைக்கவில்லை. இதை நான் பல தடவை எனக்கு நானே மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்: மிரட்டினார்கள், சின்னப் பெண், புரியவில்லை. எதுவும் ஒட்டவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்த ஒரு பெரிய மனுஷர் நான் பேசுவதைக் கேட்கிறார். அது போதுமாக இருந்தது.

அதிகாரி கேட்டார். "அது சரி பாப்பா, கல்லு எங்க?"

பெரியப்பா திகைத்தார். அவர் பொய்யில் அந்த இடம் ஓட்டை. எங்கள் பக்கத்தில் தரையில் கல்லே கிடையாது. மண்ணாங்கட்டியைத்தான் எடுத்து எறிவோம். எங்கிருந்தாவது ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும், அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

"ஆவியாயிடும் சார். விழுந்த வேகத்துல கல்லு சூடாயி ஆவியாயிடும். கஞ்சிப் பானையில தண்ணி ஆவியாவுறாப்புல."

கஞ்சிப் பானையைக்கூட விடவில்லை. அந்தக் கரையில் சிநேகிதி என்னைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரிந்ததா என்று கேட்காதீர்கள். தெரிந்தது.

அதிகாரி, "பலே" என்றார். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் சிநேகிதியின் அம்மா குழிக்குள் இறங்கினாள். சறுக்கிக்கொண்டே போய், ஒரு மூலையில் மண்ணைக் கையால் விலக்கி, எதையோ புரட்டி எடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். நேரே நாற்காலிக்கு முன்னால் வந்து தொப்பென்று போட்டாள். அம்மிக்கல். நடுவில் தேய்ந்து பள்ளமாகி, ஓரத்தில் மஞ்சள் ஏறியிருந்தது.

"கல்லு கேட்டீங்களே ஐயா. இந்தாங்க கல்லு. நான் கல்யாணமாயி வந்த நாள்லேருந்து அரைச்ச கல்லு. வானத்துலேருந்து மஞ்சளு ஒட்டிக்கிட்டா வந்துது?"

அதுவரை நிலத்துக்காரர்கள் முன்னால் வாயைத் திறந்தால் 'ஆண்டே' என்று மட்டும் சொன்னவள், அன்றைக்கு 'ஐயா' என்றாள். அதுவும் பெரியப்பாவைப் பார்த்து இல்லை. அவருக்கு அம்மிக்கல்லைவிட அதுதான் பலமாக விழுந்திருக்க வேண்டும். ஆனால் சமாளித்துவிட்டார். "பாத்தீங்களா சார், கல்லும் கெடைச்சிடுச்சு" என்றார். ஜீப் டிரைவர் சிரித்தார். கணக்கப்பிள்ளை சிரித்தார். அதிகாரி சிரித்தார்.

நானும் சிரித்தேன். பெரியவர்கள் சிரித்தால் அது ஜோக் என்று அன்று நம்பினேன். அதையே பிறகு தொழிலாகவும் வைத்துக்கொண்டேன்.

எட்டுக் குடும்பமும் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் குடிசை போட்டன. ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்தது, குழி நிரம்பியது. ஐப்பசியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வந்து எட்டுக் குடிசையிலும் புகுந்தது. சிநேகிதி ஒரு மாதம் பள்ளிக்கூடம் வரவில்லை. வந்தபோது வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்திரிகையை அவள் பக்கம் நகர்த்திப் பார்த்தேன். "படிச்சாச்சு" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பத்திரிகை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆவியாகியிருக்கும்.

பெரியப்பா எண்பத்து நான்கு வயது வரை நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, மாலை மரியாதையோடு போய்ச் சேர்ந்தார். அப்பாவிடம் ஒரு முறை, அவர் படுக்கையில் இருந்த கடைசி வருஷத்தில், கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றேன். "எனக்கு என்னம்மா தெரியும், அண்ணன் பாத்துக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தேடினார். கண் தெரியாமல் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இதெல்லாவற்றையும்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அந்தக் குழிக்கு இப்போது பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள்: 'நட்சத்திரக் குளம்.' எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பாவின் பேரன் அதைப் படம் பிடித்துப் போட்டு, அந்தக் காலத்தில் வானிலிருந்து நட்சத்திரம் இறங்கிய புண்ணிய தீர்த்தம் என்கிறான். ஜென்ம நட்சத்திர தோஷத்துக்கு அதில் மூன்று வெள்ளிக்கிழமை முழுக்குப் போடுகிறார்களாம். கீழே நாற்பது கும்பிடு. ஒருவன்கூட 'கல் எங்கே' என்று கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் நான் விட்ட புளுகுக்குத் தலபுராணம் எழுதியாகிவிட்டது. அதில் குளித்து எழுபவர்களின் காலுக்கடியில் யாருடைய அடுப்புச் சாம்பல் என்று கேட்டு நான் அந்தக் குழுவில் எழுதினேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்கு அடுத்த மாதம்தான் அமெரிக்கா.

பாலைவனத்திலிருந்து திரும்பியதும் சிநேகிதிக்குப் போன் செய்தேன். நாகப்பட்டினத்தில் தலைமையாசிரியை, ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம். ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்து நம்பர் வாங்கிக்கொண்டோம். தினமும் காலையில் ரோஜாப்பூ அனுப்புவாள், நான் கும்பிடும் கையை அனுப்புவேன். அதற்கு மேல் பேசியதில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். குழி, வழிகாட்டி, ஐஸ்கிரீம். பிறகு, நாற்பத்தைந்து வருஷமாக நெஞ்சில் கிடந்ததையும் சொன்னேன். என் ஒரு வார்த்தையால் எட்டுக் குடும்பம் தெருவுக்கு வந்தது, உன் வாக்கியத்தையே எடுத்து உன் வீட்டுக்கு எதிராகச் சாட்சி சொன்னேன், அந்த ஆள் அதை எழுதிக்கொண்டார், அதை நான் என் கண்ணால் பார்த்தேன். குரல் உடைந்தது. நானே எழுதியிருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஏம்பா," என்றாள். என்னை முதல் முறையாக ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. "இத்தனை வருஷமா நீ இதையா நெனைச்சுக்கிட்டிருந்தே? எங்க மனுவத் தள்ளுபடி பண்ணின தாளு ஆபீசரு வர்றதுக்கு முந்தின வாரமே சங்கத்துக்கு வந்துடுச்சு. அவரு வந்தது சும்மா பேருக்கு. எங்கம்மா அன்னைக்கி வந்தது நியாயம் கேக்க இல்ல. ஆபீசரு இருக்கறப்ப யாரும் அடிக்கமாட்டாங்கன்னு அம்மிய எடுக்க வந்துச்சு. எடுத்துக்கிட்டுதான் போச்சு. இப்ப எங்க வீட்லதான் இருக்கு."

"அப்போ அவர் எழுதினது?"

"என்னத்த எழுதினாரு? பேனாவுக்கு மூடியே கழட்டல. நீ பாட்டுக்குக் கைய ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டிருந்தே. அந்த ஆளு பேனாவ வெச்சு எளநில வழுக்கையத் தோண்டித் தின்னுக்கிட்டிருந்தாரு."